அதே பஸ்ஸில்தான் அவரும் வந்தார்

எங்கள் மலையில் விடியற்காலை பஸ் ஒன்றுதான். அதை விட்டால் அடுத்தது பத்து மணிக்கு. கீழே பத்தரைக்குக் கோர்ட் கூடுகிறது என்றால் முதல் பஸ்ஸைப் பிடித்தே ஆக வேண்டும். பனிக்காலம் முடிந்திருக்கவில்லை. நான் போனபோது அந்தப் பிள்ளையும் அவளுடைய அம்மாச்சியும் டீக்கடைத் திண்ணையில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். பிள்ளை சிவப்பு ஸ்வெட்டர் போட்டு, காதை மூடிக் குல்லா கட்டியிருந்தாள். அம்மாச்சி மடியில் தூக்குவாளி, அதில் மத்தியானத்துக்குப் புளிச்சோறு.

"சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டேன்.

"டீ குடிச்சேன் டீச்சர்."

பஸ் வந்தது. முதலில் அம்மாச்சி ஏறினார், அப்புறம் பிள்ளை, பின்னால் நான். உள்ளே இரண்டு அடி வைத்த பிள்ளை அப்படியே நின்றுவிட்டாள். பின்னால் ஏறுகிறவர்கள் "போம்மா, உள்ள போ" என்று நெருக்கினார்கள். என்ன என்று எட்டிப் பார்த்தேன். இடது பக்கம் மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

யாருடைய தப்பும் இல்லை. அவருக்கும் அதே தேதி, அதே கோர்ட், அதே பத்தரை மணி. பிள்ளையின் வழக்கில் குற்றம்சாட்டப்பட்டு ஜாமீனில் இருக்கிறவர் அவர், நாள் தவறாமல் ஆஜராக வேண்டும். அவருக்கும் இந்த ஒரு பஸ்தான்.

இந்தக் கதையில் நான் சொல்லாமல் விடப்போகிறவை நிறைய. பிள்ளையின் பெயர், வயது, ஊர், பள்ளிக்கூடம், எந்த ஆண்டு, எந்தக் கோர்ட், வழக்கு என்ன ஆனது, எதையும் எழுத மாட்டேன். பழனி மலைத்தொடரில் மேல்மலையா கீழ்மலையா என்றுகூடச் சொல்ல மாட்டேன். சில சின்ன விவரங்களை மாற்றியும் வைத்திருக்கிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குழந்தை இன்னார் என்று கண்டுபிடிக்க உதவும் எதையும் எந்த ஊடகத்திலும் வெளியிடக் கூடாது என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் எழுதியிருக்க மாட்டேன். இருபது வீடு உள்ள ஊரில் "சிவப்பு ஸ்வெட்டர்" என்றாலே யார் என்று தெரிந்துவிடும். அதனால் அந்த நிறமும் உண்மையான நிறம் இல்லை.

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குழந்தைகள் நலக் குழு என்னை ஆதரவு நபராக நியமித்த சில வழக்குகளில் பிள்ளைகளோடு கோர்ட்டுக்குப் போய் வந்திருக்கிறேன். ஆதரவு நபர் என்பது போக்சோ விதிகளில் உள்ள ஒரு பொறுப்பு. வழக்கு தொடங்கியதிலிருந்து முடியும் வரை பிள்ளையோடும் குடும்பத்தோடும் கூட இருக்க வேண்டும். அடுத்து என்ன நடக்கும் என்பதை அவர்களுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரி, நிவாரணத் தொகை, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் அலைய வேண்டும். செய்யக் கூடாத ஒன்றும் உண்டு. சாட்சி என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு சொல்கூடச் சொல்லிக்கொடுக்கக் கூடாது.

பஸ்ஸுக்கு வருகிறேன். பிள்ளையைத் தூக்காத குறையாகக் கடைசி வரிசைக்குக் கொண்டுபோனேன். மலைப் பஸ்ஸில் கடைசி வரிசை எப்படிக் குலுக்கும் என்று இந்தப் பக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும். மேல்மலையில் கிளாவரை, மன்னவனூர் பக்கத்து ஊர்களிலிருந்து வந்தால் கொடைக்கானலைத் தொடுவதற்கே நேரம் ஓடிவிடும். அங்கிருந்து பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை என்று வத்தலக்குண்டு இறங்க இன்னும் இரண்டு மணி நேரம். கீழ்மலைச் சாலைகளில் வளைவு இன்னும் நெருக்கம். 2,100 மீட்டர் உயரத்தில் கிளம்பிய உடம்பு காலைச் சாப்பாட்டு நேரத்துக்குள் சமவெளி வெக்கையில் நிற்கும். பெரியவர்களுக்கே வயிற்றைப் புரட்டும்.

ஏழாவதோ எட்டாவதோ வளைவில் பிள்ளை வாந்தி எடுத்தாள். நான் பிளாஸ்டிக் பையைத் தேடிக்கொண்டிருந்தபோது, முன்னாலிருந்து ஒரு கை நீண்டது. அவர் மனைவி எழுந்து வந்து ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார். "மோந்துக்கிட்டே வரச் சொல்லுங்க" என்றார். அம்மாச்சி பழக்க தோஷத்தில் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகுதான் யார் கை என்று உறைத்தது. திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை, பிள்ளையிடம் கொடுக்கவும் முடியவில்லை. அந்தப் பழம் வத்தலக்குண்டு வரை அம்மாச்சி உள்ளங்கையிலேயே இருந்தது.

அந்தப் பெண்மணி மிரட்டுவதற்காகக் கொடுத்தார் என்று நான் நினைக்கவில்லை. வாந்தி எடுக்கிற பிள்ளைக்கு எலுமிச்சம்பழம் கொடுப்பது எங்கள் மலையில் யாரும் யாருக்கும் செய்வது. ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றால் தலையாட்டல், ஒண்ணுக்குப் போக வேண்டுமா என்றால் தலையாட்டல். கோர்ட் வராந்தாவில் வெயில் ஏற ஏற எல்லோருக்கும் வேர்த்துக் கொட்டியது. அவள் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. குல்லாவையும் அவிழ்க்கவில்லை.

பத்து அடி தூரத்தில், வேப்பமரத்தடியில் அவர் தன் வக்கீலோடு நின்றுகொண்டிருந்தார். கழிவறைக்குப் போக வேண்டுமானால் அந்த மரத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். அவள் போகவே இல்லை. பன்னிரண்டரைக்குச் செய்தி வந்தது, நீதிபதி விடுப்பு, வழக்குக்கு வாய்தா. மூன்று வாரம் தள்ளி வேறு தேதி கொடுத்தார்கள்.

திரும்பி ஏறியதும் அதே பஸ். அவரும் ஏறினார்.

அன்று ராத்திரி அம்மாச்சி போன் செய்தார். "டீச்சர், இது இனிமே வரமாட்டேங்குது. கேசும் வேணாம் ஒண்ணும் வேணாம்ங்குது. எனக்கும் அப்படித்தான் தோணுது."

பிறழ் சாட்சி என்று பத்திரிகையில் படிக்கிறோம். காசு வாங்கிக்கொண்டு மாறிவிட்டார்கள், மிரட்டலுக்குப் பயந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்துக்கொள்கிறோம். காசும் மிரட்டலும் இல்லாமல் ஒரு பஸ் பயணத்திலேயே அது நடந்துவிடும் என்பதை நான் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அதுவரை நான் திரையைப் பற்றித்தான் யோசித்திருந்தேன். கோர்ட்டில் திரை போடுவார்களா, எதிரி கண்ணில் படாமல் பிள்ளை பேச முடியுமா என்பதுதான் என் கவலை. (கோர்ட் தமிழில் குற்றம்சாட்டப்பட்டவரை எதிரி என்பார்கள். முதல் தடவை கேட்கிற பிள்ளைகள் அந்தச் சொல்லுக்கே மிரண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் நான் அவர் என்றே எழுதுகிறேன். தீர்ப்பு வரும்வரை யாரும் குற்றவாளி இல்லை.) அந்தத் திரை சும்மா வந்துவிடவில்லை. சாக்ஷி என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது நம் கோர்ட்டுகளுக்குள் நுழைந்தது. சாட்சி சொல்லும் குழந்தை குற்றம்சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி திரையோ வேறு ஏற்பாடோ வேண்டும், குறுக்கு விசாரணைக் கேள்விகளை எழுதி நீதிபதியிடம் கொடுத்து அவர் வழியாகக் கேட்க வேண்டும், நடுவில் போதிய இடைவேளை தர வேண்டும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 2012-ல் வந்த போக்சோ சட்டம் இதையெல்லாம் பிரிவுகளாகவே எழுதி வைத்தது. 33-ஆம் பிரிவின்படி வக்கீல் குழந்தையிடம் நேராகக் கேள்வி கேட்க முடியாது, நீதிபதியிடம் சொல்லி அவர்தான் கேட்பார். குழந்தைக்கு நம்பிக்கையான ஒருவர் கூட இருக்கலாம். குழந்தையைத் திரும்பத் திரும்ப வரவழைக்கக் கூடாது. 36-ஆம் பிரிவு திரை, ஒருபக்கக் கண்ணாடி, காணொளி மூன்றையும் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. நீதிமன்றம் வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 35-ஆம் பிரிவு.

முப்பது நாள் என்ற எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். சாட்சி நாள் வருவதற்குள் பிள்ளைகள் ஒரு வகுப்பு தாண்டிவிடுகிறார்கள், சில பேர் பெரியவளே ஆகிவிடுகிறார்கள். நீதிபதிகளை நான் குறை சொல்லவில்லை. ஒரு நாளில் அவர்கள் மேசையில் ஏறும் கட்டுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்தப் பிரிவுகள் எல்லாம் கோர்ட் ஹாலுக்குள் நடப்பதைப் பற்றியவை. என் பிள்ளை உடைந்தது ஹாலுக்கு வெளியே, விடியற்காலை ஐந்தேகாலுக்கு.

அந்த வாரம் முழுக்கத் தேடினேன். எனக்குத் தெரிந்த இளம் வக்கீல் ஒருத்தி, எங்கள் பள்ளியில் படித்தவள், ஒரு தீர்ப்பை அனுப்பினாள். மகேந்தர் சாவ்லா வழக்கு, 2018 டிசம்பர் 5. ஆசாராம் என்ற சாமியார் மீதான பாலியல் வழக்குகளில் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகத் தாக்கப்பட்டார்கள், சிலர் கொல்லப்பட்டார்கள். தாக்குதலில் பிழைத்த சாட்சிதான் மகேந்தர் சாவ்லா. அந்த மனுவில்தான் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம், 2018 என்பதை ஏற்று, நாடாளுமன்றமோ மாநிலங்களோ சட்டம் இயற்றும் வரை அதுவே சட்டம் என்று அறிவித்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கும். மாவட்டக் காவல்துறைத் தலைவர் அதில் உறுப்பினர், அரசு வழக்குத் துறையின் மாவட்டத் தலைவர் உறுப்பினர் செயலர். சாட்சி மனு கொடுக்கலாம். காவல்துறை ஐந்து வேலை நாளுக்குள் அச்சுறுத்தல் பற்றி அறிக்கை தர வேண்டும். அதுவரை பொறுக்க முடியாத நிலை என்றால் இடைக்காலப் பாதுகாப்பும் உண்டு.

என்னென்ன பாதுகாப்பு தரலாம் என்ற பட்டியலைப் படித்துக்கொண்டே வந்தேன். அடையாளத்தை மறைத்தல், வீட்டுக்குக் காவல், தொலைபேசி எண் மாற்றம், வேறு ஊருக்குக் குடிமாற்றம். இதெல்லாம் பெரிய வழக்குகளுக்கு என்று நினைத்தபடி விரலைத் தள்ளினேன். அப்புறம் அந்த வரி வந்தது. வழக்கு நாளன்று சாட்சிக்குத் துணையாக ஆள் அனுப்பிக் கோர்ட்டுக்குக் கூட்டிவந்து திரும்பக் கொண்டுவிடுதல், அரசு வாகனமோ அரசுச் செலவில் வாகனமோ தருதல். பட்டியலின் தொடக்கத்திலேயே இன்னொரு வரி, சாட்சியும் குற்றம்சாட்டப்பட்டவரும் நேருக்கு நேர் சந்திக்காதபடி பார்த்துக்கொள்ளுதல்.

எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளை அந்த பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டாம். இந்த வருத்தம் எனக்குப் போகவில்லை. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணமும் அதுதான். மலையில் இன்னொரு டீச்சர், இன்னொரு அங்கன்வாடி அம்மா, இன்னொரு தாய்மாமன் இதைப் படித்து, "வண்டி கேட்கலாமாமே" என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

மனு எழுதினோம். திட்டத்தின் பின்னாலேயே படிவம் இருக்கிறது. விசாரிக்க வந்த காவலர் நல்ல மனிதர், ஆனால் என்ன எழுதுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

"மிரட்டுனாரா?"

"இல்ல."

"கையக் கிய்யப் புடிச்சாரா, வீட்டுக்கு வந்தாரா?"

"இல்லங்க."

"அப்ப என்னன்னும்மா எழுதுறது?"

அம்மாச்சி எலுமிச்சம்பழத்தைச் சொன்னார். அதைச் சொல்லும்போதே அவருக்குக் குரல் நடுங்கியது. காவலர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். எலுமிச்சம்பழம் கொடுத்தார் என்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? அறிக்கையைப் பார்த்த பெண் உதவி ஆய்வாளர் மலையில் பிறந்து வளர்ந்தவர். "ஒரே பஸ்ஸா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். அச்சுறுத்தல் என்ற சொல்லுக்கு அரிவாளும் அடியாளும்தான் நினைவுக்கு வருகிறது. ஒரு ரேஷன் கடை, ஒரு மாவு மில், ஒரு பஸ் உள்ள ஊரில் எதிரே பார்ப்பதே போதும். அதிலும் அவர் தோட்டத்தில்தான் பாதி ஊர் கூலிக்குப் போகிறது என்றால் கேட்கவே வேண்டாம். குடிமாற்றம் தரலாம் என்கிறது திட்டம். கால் ஏக்கரில் பூண்டு நட்டிருக்கிற அம்மாச்சி அந்த நிலத்தை எங்கே சுருட்டி எடுத்துக்கொண்டு போவார்? அவருக்குத் தேவை நான்கு சக்கரம்தான், அதுவும் ஒரு நாளைக்கு.

கிடைத்தது. அரசுச் செலவில் வாடகைக் கார், சீருடை போடாத ஒரு பெண் காவலர்.

அதற்கு முன் இன்னொரு வேலை செய்தோம். நீதிபதியின் அனுமதியோடு ஒரு சாயங்காலம், கோர்ட் கலைந்த பிறகு, பிள்ளைக்கு ஹாலைக் காட்டினேன். இது நீதிபதி உட்காரும் இடம், இது டைப் அடிக்கிறவர், இங்கே நீ உட்காருவாய், கூண்டில் ஏற வேண்டாம், குழாய் இங்கே, கழிவறைக்கு இந்தக் கதவு வழியாகப் போனால் மரத்தடிக்குப் போக வேண்டியதில்லை. எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். மடித்து வைத்திருந்த திரையையும் தொட்டாள்.

"அவரு எங்க நிப்பாரு?"

"இதுக்கு அந்தப் பக்கம். நீ பேசுறது அவருக்குக் கேட்கும். ஆனா உன்னைப் பார்க்க முடியாது. நீயும் பார்க்க வேண்டாம்."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "இருமுனா எனக்குத் தெரியும் டீச்சர்," என்றாள்.

எனக்குப் பதில் இல்லை. திரை கண்ணைத்தான் மறைக்கும். அடுத்த வீட்டுக்காரரின் இருமலை, செருமலை, செருப்புச் சத்தத்தை அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து கேட்கிறாள். இதை நான் அரசு வழக்கறிஞரிடம் சொன்னேன், அவர் நீதிபதியிடம் சொன்னார். சாட்சி நாளன்று பிள்ளை பக்கத்து அறையில் உட்கார்ந்து காணொளி வழியாகப் பேசினாள். அந்தக் கட்டடத்தில் தனி மையம் எதுவும் கிடையாது. பழைய பீரோக்களை ஒதுக்கி, ஒரு கணினி, ஒரு மின்விசிறி, இரண்டு நாற்காலி போட்டார்கள். அம்மாச்சி பக்கத்தில் உட்கார்ந்தார். அறைக்குள் போனதும் பிள்ளை தானாகவே ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இப்படிப்பட்ட அறையை எல்லா மாவட்டத்திலும் முறையாகக் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பல தடவை சொல்லியிருக்கிறது. எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கான வாக்குமூல மையம் என்று அதற்குப் பெயர். முதலாவது 2012-ல் டெல்லி கர்கர்டூமா கோர்ட்டில் வந்தது. 2017-ல் மகாராஷ்டிரத்திலிருந்து வந்த பண்டு என்பவரின் வழக்கில், ஒவ்வொரு உயர் நீதிமன்றத்தின் எல்லையிலும் இரண்டு மையமாவது வேண்டும் என்றார்கள். அந்த வழக்கை நினைத்தால் இன்றும் மனசு ஆறாது. பேசவும் கேட்கவும் முடியாத, அறிவு வளர்ச்சியும் குறைந்த ஒரு பெண் பாதிக்கப்பட்டிருந்தார். அவர் கோர்ட்டில் சாட்சி சொல்லவில்லை என்ற காரணத்தால் உயர் நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்டவரை விடுவித்துவிட்டது. அவர் எப்படிச் சொல்வார் என்று யாரும் கேட்டிருக்க வேண்டாமா? உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தது. 2022 ஜனவரியில் ஸ்ம்ருதி துகாராம் படாடே வழக்கில் இன்னும் விரிவாகச் சொன்னார்கள். குழந்தைகள் மட்டுமல்ல, எந்த வயதிலும் பாலினத்திலும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள், மனநோய் உள்ளவர்கள், பேச்சு, செவி முதலிய குறைபாடு உள்ளவர்கள், அச்சுறுத்தலுக்கு ஆளானவர்கள், நீதிமன்றம் அப்படிக் கருதும் வேறு யாரும் இந்த வகைக்குள் வருவார்கள். ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி கீதா மிட்டல் தலைமையில் இதற்கு ஒரு குழுவும் போட்டார்கள்.

இப்படிப்பட்ட சாட்சிகளைத் தமிழில் சில இடங்களில் 'பலவீனமான சாட்சி' என்று மொழிபெயர்க்கிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. சாட்சியே சொத்தை என்பதுபோலக் கேட்கிறது. அந்தப் பிள்ளையின் சாட்சியத்தை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். சொத்தையாக எதுவும் இல்லை.

அதிலும் ஒரு இடத்தை மட்டும் எழுத வேண்டும், ஏனென்றால் இது நம் தமிழிலேயே உள்ள சிக்கல். குறுக்கு விசாரணையில் வக்கீல்கள் தங்கள் கட்சியை முன்வைக்கும் விதம் ஒன்று உண்டு. "அன்று நீங்கள் கடைக்கே போகவில்லை என்று சொன்னால் சரியா?" என்பார்கள். பெரியவர்கள் "சரியல்ல" என்பார்கள். வாக்குமூலத்தில் "நான் கடைக்குப் போகவில்லை என்று சொன்னால் சரியல்ல" என்று பதிவாகும். கோர்ட்டுக்குப் பழகாத காதுக்கு இதன் முடிச்சு அவிழ நேரமாகும். பிள்ளைக்கோ சரி என்றால் என்ன? அம்மாச்சி தண்ணி எடுத்துட்டு வா என்றால் சரி. டீச்சர் நாளைக்குச் சீக்கிரம் வா என்றால் சரி. பெரியவர்கள் எதைச் சொன்னாலும், கேட்டுக்கொண்டேன் என்பதற்குச் சரி.

அந்தக் கேள்வி வந்தது. நீதிபதி அதைத் திருப்பிக் கேட்டார். பிள்ளை பளிச்சென்று "சரிங்க" என்றாள். டைப் அடிக்கிற சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. நான் வாயைத் திறக்கக் கூடாது. அம்மாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நீதிபதி டைப் அடிக்கிறவரை நிறுத்தச் சொன்னார்.

"பாப்பா, அன்னைக்கு நீ கடைக்குப் போனியா?"

"போனேன்."

"இப்ப ஏன் சரின்னு சொன்னே?"

"நீங்க சொன்னது கேட்டுச்சு. அதான்."

அதற்கப்புறம் எல்லாக் கேள்விகளையும் அவர் இரண்டாக, மூன்றாகப் பிரித்துக் கேட்டார். ஒரு கேள்வியில் ஒரே விஷயம். "சரியா" என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டார். வழக்கமாகக் கேட்கும் இன்னொரு கேள்வியும் வந்தது, இப்படிச் சொல்லும்படி யாராவது சொல்லிக்கொடுத்தார்களா என்று. பிள்ளை ஆமாம் என்றதும் எனக்கு மூச்சே நின்றது. என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்று நீதிபதி கேட்டார். "தண்ணி வேணும்னாலும் ஒண்ணுக்கு வந்தாலும் கேக்கணும்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள். அப்படியானால் இப்போது ஏதாவது வேண்டுமா என்றார் அவர். தண்ணீர் கேட்டாள். பத்து நிமிடம் இடைவேளை விட்டார்கள்.

கேள்விகளை நீதிபதி வழியாகக் கேட்பது வெறும் மரியாதைக்கு என்று நினைத்திருந்தேன். இந்த "சரிங்க"வைக் கேட்ட பிறகு அப்படி நினைப்பதில்லை. வக்கீலுக்கும் பிள்ளைக்கும் நடுவில், பிள்ளையின் பேச்சைப் புரிந்துகொள்ளப் பொறுமை உள்ள ஒரு ஆள் வேண்டும். பளியர் பழங்குடிக் குடியிருப்புகளிலிருந்து வரும் பிள்ளைகள் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். அவர்கள் வீட்டில் பேசும் பேச்சு கீழே உள்ளவர்கள் காதில் எளிதில் ஏறாது. மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ வைத்துக்கொள்ள 38-ஆம் பிரிவு இடம் தருகிறது. கேட்டால்தான் வரும், அதனால் முன்கூட்டியே கேளுங்கள்.

அவருடைய வக்கீல் முதலில் காணொளி வேண்டாம் என்றுதான் சொன்னார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒருவரைப் பல ஆண்டு சிறைக்கு அனுப்பக்கூடிய சாட்சியத்தை அந்த ஒருவர் முழுதாகக் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே தன் வக்கீலிடம் பேசவும் வேண்டும். 36-ஆம் பிரிவு இதையும் சேர்த்தே சொல்கிறது. அன்று அவர் ஹாலில் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டார். இரண்டு தடவை வக்கீலைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார், அதிலிருந்து இரண்டு கேள்விகள் வந்தன, பிள்ளை இரண்டுக்கும் பதில் சொன்னாள். அவர் இருமினாரா என்று எனக்குத் தெரியாது. அறைக்குள் கேட்கவில்லை. உண்மையைச் சொல்லப் போனால், பயந்து ஊமையாகிப்போன பிள்ளையின் சாட்சியம் யாருக்கும் உதவாது, தப்பாகக் குற்றம்சாட்டப்பட்டவருக்கும் உதவாது.

காரில் மலை ஏறும்போது பிள்ளை தூங்கிப்போனாள். வாந்தி எடுக்கவில்லை.

எனக்கு இன்னும் ஒரு ஆசை பாக்கி இருக்கிறது. பிள்ளை மலையை விட்டே இறங்காமல் சாட்சி சொல்ல வேண்டும். கொடைக்கானலில் நீதிமன்றம் இருக்கிறது. போக்சோ சட்டம் 2012-லேயே காணொளியை அனுமதித்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமும் மின்னணு முறையில் சாட்சியம் பதிய வழி வைத்திருக்கிறது. பக்கத்து அறையிலிருந்து பேசலாம் என்றால், ஊருக்குப் பக்கத்து அறையிலிருந்து ஏன் பேசக் கூடாது? அடை மழைக்காலத்தில் எங்களுக்குக் கரண்டும் இருக்காது, நெட்வொர்க்கும் இருக்காது, அது வாஸ்தவம். அதற்கு ஒரு ஜெனரேட்டரும் நல்ல கேபிளும் போதும். பக்கத்தில் பொறுப்பான ஒரு நீதிமன்ற அலுவலர் இருந்து, யாரும் பிள்ளைக்குச் சைகை காட்டவில்லை என்று பார்த்துக்கொள்ள வேண்டும். முடியாத காரியம் ஒன்றுமில்லை. கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு, வால்பாறை என்று மலை உள்ள இடமெல்லாம் இப்படி ஓர் அறை வந்தால் எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை வளைவு மிச்சம்.

அதுவரை வண்டிதான். சம்மன் வந்த அன்றே அரசு வழக்கறிஞரைப் பாருங்கள், அவர் வழியாக மனுவைக் கொடுத்துவிடுங்கள். அந்த 2018 திட்டத்தின்படி ஒரு பாதுகாப்பு உத்தரவு ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேல் செல்லாது, அதனால் வாய்தா தள்ளிப்போனால் புதுப்பிக்க மறக்காதீர்கள். பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டாம், வழக்கு எண்ணை மட்டும் கூப்பிடச் சொல்லுங்கள் என்று டவாலியிடமும் காலையிலேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். வராந்தாவில் காத்திருக்க வைக்காமல் உள்ளே ஓர் அறை கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். நான் முதல் தடவை கூச்சப்பட்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வேறொரு பிள்ளைக்குச் சாட்சி நாள். வண்டிக்கு உத்தரவு வந்துவிட்டது. டிரைவர் ஐந்தரைக்குக் கிளம்பினால் போதும், கார் வேகமாகப் போய்விடும் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஐந்தரைக்குக் கிளம்பினால் பஸ்ஸுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வோம். இந்தச் சாலையில் அவ்வளவு லேசில் முந்த முடியாது. வளைவுக்கு வளைவு அதன் பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இறங்க வேண்டியிருக்கும், கடைசி சீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று தெரியாது. நாலரைக்கே வரச் சொல்லியிருக்கிறேன்.